கொடி மலைக்கு அனுப்பிய மூன்று துண்டுகள்

என்னிடம் போனில் ஆலோசனை கேட்கும் தோட்ட மருத்துவ உதவியாளர்களே, உங்களில் பாதிப் பேர் மேல் எனக்குக் கோபம் உண்டு. நோயாளியைப் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டு, "ஐயா, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாமா?" என்று ஓய்வு பெற்று உட்கார்ந்திருக்கும் கிழவனைக் கேட்கிறீர்கள். அனுப்ப வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். தெரிந்த பிறகும் இன்னொருவர் வாயால் அதைக் கேட்டுக்கொள்ள ஓர் ஆசை. அந்த ஆசை எனக்கும் இருந்தது. அதனால் ஒரு பிள்ளை செத்தது. என் பிள்ளை இல்லை, ராமாயி என்ற கொழுந்து பறிக்கும் பெண்ணின் முதல் பிள்ளை. அந்தக் கதையை இன்றுவரை நான் முழுதாக யாரிடமும் சொன்னதில்லை.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில் டிஸ்பென்சர் வேலை கிடைத்தது. எனக்கு இருபத்தாறு வயது. ஹட்டன் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பையன். தேய்த்த வெள்ளைக் கால்சட்டை, அழகான இங்கிலீஷ் கையெழுத்து, இரண்டிலும் எனக்குத் தாங்காத பெருமை. பெரிய துரையே ஒருமுறை என் கையெழுத்தைப் பாராட்டினார். அன்று முழுவதும் நான் தரையில் நடக்கவில்லை.

தோட்டத்தின் உச்சியில் மேல் டிவிஷன். அதற்கும் மேலே ஒரு மலைமுகடு. எங்கள் ஆட்கள் அதைக் கொடி மலை என்றார்கள். உலகப் போர்க் காலத்தில் வெள்ளைக்கார ராணுவம் அங்கே ஒரு கம்பியில்லாத் தந்தி முகாம் போட்டது. போர் முடிந்தது, முகாம் போகவில்லை. நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது, அப்போதும் போகவில்லை. கீழே பட்டணங்களில் புதுக் கொடி ஏறிய பிறகும் அந்த மலையில் பழைய கொடிதான் தினமும் ஏறிக்கொண்டிருந்தது.

முகாம் எங்கள் குறுக்கு வழியின் மேல் உட்கார்ந்திருந்ததுதான் சங்கடம். முகட்டைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினால் அரை மணி நேரத்தில் மோட்டார் ரோடு. சுற்றிக்கொண்டு போனால் நாலு மணி நேரம். போருக்கு முன்னால் எல்லாரும் முகட்டு வழியில்தான் போனார்களாம். நான் வந்தபோது அங்கே ஒரு இரும்புக் கேட்டும் சங்கிலியும் இருந்தன.

"ஏன் இன்னும் இருக்கிறார்கள்?" என்று வந்த புதிதில் நான் எல்லாரையும் கேட்டேன். ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மலைக்குள் மாணிக்கக் கல் இருக்கிறது என்றார் பெரிய கங்காணி. மலாயாவில் நடக்கும் சண்டையை இங்கிருந்து ஒட்டுக் கேட்கிறார்கள் என்றார் ஆபீஸ் கிளாக்கர், குரலைத் தாழ்த்திக்கொண்டு. நாலு திசையும் கலவரமான காலம், தேயிலையையும் உங்களையும் காப்பதற்காக இருக்கிறார்கள் என்றார் துரை. நான் துரை சொன்னதை நம்பினேன். எங்கள் தோட்டத்து மருத்துவச்சி சிவபாக்கியத்துக்கு மட்டும் இந்த ஆராய்ச்சியில் அக்கறையே கிடையாது.

"போக மனசில்லீங்க. அவ்வளவுதான்" என்றாள். "காரணத்தை அவங்க பிறகு தேடிக்குவாங்க."

அந்த மலையைப் பற்றிச் சொல்ல எனக்கு இப்போதும் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் நான் பயந்தேன். வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆட்கள் கூடும் விடியற்காலையில் மேலிருந்து ராணுவக் கொம்பு ஊதும். ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் ஒரு சின்ன விக்கல் விழும். "கொம்பு ஊதுறவனுக்கு விக்கல் நிக்கலையே, தண்ணி குடுக்க ஆளில்லியா?" என்று பெண்கள் சிரிப்பார்கள். ஆனால் கேட்டுக்குக் கீழே உள்ள மலையில் கொழுந்து எடுக்கப் போனால் சிரிப்பு நின்றுவிடும். அங்கே பகல் பன்னிரண்டு மணிக்கும் மூடுபனி இருக்கும். கேட்டுக்கு உள்ளே, பாதை திரும்பும் இடத்தில், நீண்ட கோட்டும் தொப்பியுமாக ஒரு காவல்காரன் நிற்பான். மழையிலும் நிற்பான். நகரவே மாட்டான். அவன் முகத்தைப் பார்த்ததாக ஒவ்வொருத்தியும் சொன்னாள். ஒருத்திக்குச் செம்பட்டை மீசை தெரிந்தது. இன்னொருத்திக்கு ஒரு கண் இல்லாத முகம் தெரிந்தது. நானும் பலமுறை உற்றுப் பார்த்திருக்கிறேன். அவன் என்னையே பார்ப்பதாகத்தான் எனக்குத் தோன்றியது.

முகாமோடு பேச ஒரே வழி துண்டுச் சீட்டு. தோட்டத்தில் துண்டு இல்லாமல் எதுவும் நடக்காது என்பது உங்களுக்குத் தெரியும். சீக்கா, ஒரு துண்டு. மருந்தா, ஒரு துண்டு. லீவு வேண்டுமா, அதற்கும் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்ட துண்டு. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்பம் இருந்தது. கொழுந்து மூட்டையை மலையிலிருந்து தேயிலை ஸ்டோருக்கு இறக்குவதற்குக் கட்டுவது போன்ற ஒரு கம்பி அங்கிருந்து மேலே ஓடியது. அதில் ஒரு தகரப் பெட்டி. துண்டைப் பெட்டியில் போட்டு மணிக்கயிற்றை இழுத்தால், பெட்டி மெல்ல மேலே நகரும். இருபது அடி போனதும் பனிக்குள் மறைந்துவிடும். கால் மணி நேரம் கழித்துப் பதிலோடு இறங்கி வரும். மேலே இழுக்கும் கையை எங்களில் யாருமே பார்த்ததில்லை.

மேலே போகும் துண்டு இங்கிலீஷில்தான் போக வேண்டும். யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை. துரைக்கு எழுதுவது இங்கிலீஷ், கம்பெனிக்கு எழுதுவது இங்கிலீஷ், ஆகவே முகாமுக்கும் இங்கிலீஷ். வேறு மாதிரி எழுதலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ராமாயிக்கு வலி கண்டது ஒரு மழை வாரத்தில். இரண்டு நாள் முன்னால் மண் சரிந்து தோட்டத்து வண்டிப் பாதை அறுந்துபோயிருந்தது. காலை பத்து மணி வாக்கில் சிவபாக்கியம் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்திலிருந்து ஓடி வந்தாள். அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை.

"பிள்ளை குறுக்கே கெடக்குதுங்க. கை வெளிய வந்திருச்சு. நம்மளால ஆகாது. வெட்டித்தான் எடுக்கணும்."

அவள் சொன்னதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஆபீசுக்கு ஓடிப் போய் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணச் சொன்னேன். வண்டியை மலைக்கு அந்தப் பக்கம் மோட்டார் ரோட்டில் கொண்டுவந்து நிறுத்துகிறோம் என்றார்கள். இரண்டு கம்புகளில் கம்பளியைக் கட்டி ராமாயியைக் கிடத்தி, நாலு பேர் தூக்கினார்கள். அவள் புருஷன் மாணிக்கம் முன்கம்பைப் பிடித்திருந்தான். பதினொரு மணிக்குக் கேட்டுக்கு முன்னால் நின்றோம். அதுவரை நான் செய்ததெல்லாம் சரி.

பையைத் திறந்து துண்டு எழுதினேன். ராமாயி தலைக்கு மேலே ஒருவன் மழைக்குப் படங்குத் துணியைப் பிடித்திருந்தான், அதற்கடியில் குனிந்து, மை கலையாமல், மருத்துவச் சொற்களை ஒன்றுவிடாமல் போட்டு எழுதினேன். பெட்டி மேலே போனது. காத்திருந்தோம். பனிக்குள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை. ராமாயி மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். பெட்டி இறங்கியது. உள்ளே டைப் அடித்த சீட்டு: அனுமதி இல்லை, உத்தரவுப்படி. கீழே ஒரு அதிகாரியின் கையெழுத்து.

நான் சரியாக விளக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். பாருங்கள் என் புத்தியை. இரண்டாவது துண்டு எழுதினேன், இன்னும் நல்ல இங்கிலீஷில். அதே பதில் வந்தது. மூன்றாவதில், இவள் செத்துப்போவாள் என்று எழுதினேன். பெட்டி போய் வந்தது. அனுமதி இல்லை, உத்தரவுப்படி. ஒரு எழுத்துகூட மாறவில்லை.

மூன்று சீட்டிலும் தேதி போடும் இடம் காலியாக இருந்தது. தினமும் ஐம்பது துண்டுக்குத் தேதி போடுகிறவன் நான். அது என் கண்ணில் படவே இல்லை.

"சங்கிலியைப் பிடிச்சு இழுத்துட்டு உள்ள போவோம் ஐயா" என்றாள் சிவபாக்கியம். "என்ன செஞ்சிருவாங்க?"

"சுடுவாங்க. அங்கே ஆள் நிக்கிறது தெரியலையா?" என்றேன். எல்லாரும் பனிக்குள் பார்த்தார்கள். கோட்டு நின்றிருந்தது. காற்றில் அதன் கை லேசாக அசைந்தது. தூக்கி வந்தவர்களில் ஒருவன் இரண்டடி பின்னால் போனான்.

மாணிக்கம் என் முகத்தையே பார்த்தான். "ஐயா என்ன சொல்றீங்களோ அப்படிங்க" என்றான். சண்டை போட்டிருந்தால்கூட எனக்குத் தைரியம் வந்திருக்கும் என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன். அந்த நம்பிக்கைதான் என்னைக் கவிழ்த்தது. சுற்றிப் போவோம் என்றேன்.

சுற்றிப் போனோம். சேற்றில் இரண்டுமுறை வழுக்கினார்கள். மூன்றாவது மணி நேரத்தில் சிவபாக்கியம் கம்பளிக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, பிள்ளையின் கை குளிர்ந்துவிட்டது என்று என் காதருகே சொன்னாள். ராமாயியிடம் யாரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் வயிற்றை வெட்டித் தாயைக் காப்பாற்றினார்கள். செத்துப் பிறந்தது பையன். மாணிக்கம் அந்தத் துணிப் பொதியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பி வந்தான்.

துரைக்கு நான் அறிக்கை எழுதினேன். முகாம் அனுமதி மறுத்ததால் தாமதம் என்று எழுதினேன். அதில் பொய் எதுவும் இல்லை. துரை படித்துவிட்டு, "அது என் கையில் இல்லை" என்றார். என் கையிலும் இல்லை என்று நானும் சொல்லிக்கொண்டேன். நன்றாகத் தூங்கினேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் தூங்கினேன்.

மூன்று மாதம் கழித்து ராமாயி மறுபடி கொழுந்துக்கு வந்தாள். யாரோடும் அதிகம் பேசுவதில்லை என்றார்கள். ஒரு மத்தியானம் அவளோடு நிரையில் நின்ற பெண் மூச்சிரைக்க டிஸ்பென்சரிக்கு ஓடி வந்தாள். "ராமாயி கூடையை இறக்கி வச்சுட்டு கேட்டுக்குள்ள போயிட்டாளுங்க!"

சிவபாக்கியமும் நானும் ஏறினோம். கேட்டு அகலத் திறந்து கிடந்தது. சங்கிலி தரையில். பூட்டைத் தேடினேன், பூட்டே இல்லை. சங்கிலியை வெறுமனே சுற்றிவைத்திருக்கிறார்கள். அத்தனை வருஷமும் யாரும் அதைத் தொட்டுப் பார்க்கவில்லை.

ராமாயி காவல்காரனுக்கு முன்னால் நின்றாள். அவனுடைய கோட்டுக் கையைப் பிடித்திருந்தாள். "ஐயா, உள்ள ஒண்ணுமில்லீங்க" என்றாள், அமைதியாக. ஒரு கம்பம், அதன் குறுக்கே ஒரு கட்டை, அதன் மேல் கோட்டு. உள்பக்கமெல்லாம் பாசி. தொப்பிக்குள் ஏதோ குருவி கூடு கட்டிவிட்டுப் போயிருந்தது. உள்ளே ஒரு ஆள் இருந்திருந்தால்கூட நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

மேலே போனோம். நீளமான தகரக் கட்டடங்கள், வரிசையாக. கதவுகள் காற்றில் ஆடின. ஒரு அறையில் இருபது கட்டில்கள், மெத்தைகள் ஒழுங்காகச் சுருட்டி வைத்தபடி, அத்தனையிலும் பூஞ்சணம். இன்னொன்றில் தந்தி யந்திரம் இருந்த மேசை, யந்திரம் இல்லை. முற்றத்தில் கொடி பறந்தது. கடைசிக் கட்டடத்தில் புகை தெரிந்தது.

அங்கே அந்தோணி இருந்தான், சிவபாக்கியம்தான் அடையாளம் கண்டாள். எங்கள் தோட்டத்தின் கீழ்ப்பக்கத்துப் பணிய லயத்தில் பிறந்தவன். போர்க் காலத்தில் முகாமுக்குச் சமையல்காரனாகப் போனவன், அவர்களோடு கப்பல் ஏறிவிட்டான் என்றுதான் தோட்டம் நினைத்துக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்து சல்யூட் அடித்தான். பிறகு கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான். பக்கத்தில் ஒரு கிராமபோன். ஒரே ஒரு தட்டு. அதில் ஒரு கீறல்.

"மத்தவங்கெல்லாம் எங்கே?" என்றேன்.

"போயி மூணு வருசம் ஆச்சுங்க. மாசம் ஒருக்கா அந்தப் பக்கத்திலேருந்து லாரி வரும். அரிசி, மண்ணெண்ணெய். அவ்வளவுதான்."

"ஆள் இல்லாத இடத்தை எதுக்குக் காவல் காக்கிறே?"

அந்தோணி மனப்பாடமாகச் சொன்னான். "போறப்போ கேப்டன் தொரை சொன்னாருங்க. கெழக்கால துறைமுகம் இருக்கு, அங்க நம்ம கப்பல் நிக்குது, அதுக்கு இந்த மலைதான் காதுன்னு. இப்போதைக்குக் கேக்க ஒண்ணுமில்ல. ஆனா நாளைக்கு வேணும்னா யாருகிட்டயும் கேக்காம வந்து உக்காரணும். அதுக்கு எடம் கையில இருக்கணும். கொடி ஏறணும், கொம்பு ஊதணும். ஒருத்தரையும் குறுக்கே விடக் கூடாது. ஒருத்தரை விட்டா அது வழியாயிரும், வழியாயிட்டா திருப்பி எடுக்க முடியாதுன்னாரு."

மாணிக்கக் கல் இல்லை. மலாயாச் சண்டை இல்லை. எங்களைக் காப்பதும் இல்லை. கேட்டு வாங்கிப் பழக்கமில்லாதவர்கள் கேட்காமல் திரும்பி வருவதற்காக வைத்திருந்த இடம், அவ்வளவுதான். சிவபாக்கியம் முதல் நாளே சொன்னாள். ஆளே இல்லாத அந்த முகாமுக்கு மலையில் இருக்க உரிமை இருந்தது. மூன்று தலைமுறையாக அதே மலையில் தேயிலை நட்டவர்களிடம், சுதந்திரம் வந்த கையோடு, நீங்கள் இந்த நாட்டுக்காரர்கள் இல்லை என்று சொல்லியிருந்தார்கள். இதை நினைத்து அங்கேயே நின்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் என் எதிரே இருந்தவன் அந்தோணி.

"பதில் அனுப்புனது யாரு?"

அவன் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து திறந்தான். கட்டுக் கட்டாகச் சீட்டுகள். எல்லாமே டைப் அடித்து, எல்லாமே முன்கூட்டியே கையெழுத்துப் போட்டவை. அனுமதி இல்லை, உத்தரவுப்படி. புரட்டிப் பார்த்தேன். "அனுமதி உண்டுங்கிற கட்டு எங்கே?"

"அது அவங்க குடுக்கலீங்க" என்றான்.

அதே பெட்டியின் அடியிலிருந்து என் மூன்று துண்டுகளையும் எடுத்துக் கொடுத்தான். கசங்காமல் வைத்திருந்தான். "எனக்கு இங்கிலீசு தெரியாதுங்க ஐயா. தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். இவ்வளவு மேல இருந்தா கீழ பேசுற சத்தமும் கேக்காது. மூணு தடவை வந்திச்சேன்னு மட்டும் யோசிச்சேன். என்னங்க எழுதியிருந்துச்சு?"

சிவபாக்கியம்தான் சொன்னாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். அந்தோணி தரையில் உட்கார்ந்துவிட்டான். ராமாயியைப் பார்த்து, "தாயி, தமிழ்ல ஒரு வரி வந்திருந்தா நானே தூக்கியிருப்பேனே" என்று அழுதான். ராமாயி அவனைத் திட்டவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள்.

வெளியே சொல்ல வேண்டாம் என்று அந்தோணி கெஞ்சினான். வேலை போனால் அவனுக்குப் போக இடமில்லை. இந்த முறை நான் யாருக்கும் துண்டு எழுதவில்லை, யாரையும் கேட்கவில்லை. "நீ கொடியை ஏத்து, கொம்பை ஊது. கேட்டு மட்டும் திறந்தே கிடக்கட்டும்" என்றேன். அடுத்த வாரம் காய்ச்சலில் கிடந்த ஒரு கிழவரை அந்த வழியில் தூக்கிப் போனோம். அதன் பிறகு தோட்டமே போனது. ஆனாலும் அந்தக் கோட்டுக் கம்பத்தைத் தாண்டும்போது பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்வார்கள். உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்தும் என் பேச்சும் அங்கே நின்றுவிடும். ஒன்றிரண்டு வருஷத்தில் அதிகாரிகள் வந்து, பேச்சுப் பேசி, கொடியை இறக்கி, முகாமை நாட்டிடம் ஒப்படைத்தார்கள். பாதையைப் பார்த்துவிட்டு, இங்கே எப்படி வழி விழுந்தது என்று ஒருவர் கேட்டாராம். அந்தோணி தனக்குத் தெரியாது என்று சொன்னானாம். அதற்கு முன்பே நடந்த இன்னொன்றைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

ராமாயி மறுபடி முழுகாமல் இருந்தாள். ஒருமுறை வெட்டிய வயிறு. லயத்தில் பெறவே கூடாது, வலி எடுத்த உடனே முகட்டு வழியாகப் போயாக வேண்டும். ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே கடிதம் எழுதிவைக்க அவளை வரச் சொன்னேன். வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"ஐயா, அந்த மூணு துண்டும் இருக்குதுங்களா?"

மேசை இழுப்பறையில் இருந்தன.

"என்ன எழுதுனீங்கன்னு படிச்சுச் சொல்லுங்க."

முதல் துண்டைத் தமிழில் சொன்னேன். பெண் தொழிலாளி ஒருத்தி, வயது ஏறத்தாழ இருபது, முதல் பிரசவம், சிசு குறுக்காக உள்ளது. இரண்டாவதையும் சொன்னேன். மேற்படி பெண் தொழிலாளியின் நிலை மோசமாகிறது. மூன்றாவதையும் சொன்னேன். அனுமதிக்காவிட்டால் மேற்படி தொழிலாளி இறக்க நேரிடும். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே யாரோ மேலிருந்து பேசுவதாகக் கேட்டது.

அவள் கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள்.

"எம் பேரு எதிலயும் இல்லீங்களா?"

"இல்லை" என்றேன்.

ஆஸ்பத்திரிக்கு எழுத வேண்டிய தாள் எனக்கும் அவளுக்கும் நடுவே கிடந்தது. அவள் அதை விரலால் என் பக்கம் தள்ளினாள்.

"இந்தத் தடவை மொதல்ல அதைப் போடுங்க" என்றாள். "மத்ததைப் பிறகு எழுதிக்கலாம்."